வெயிலுக்கு வக்கீல்

பொன்னேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிட்டது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். குடிபோன முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே நின்று என்னிடம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாவம், புருசன் சின்ன வயசுலயே பூட்டாரு. தனியா நின்னு இந்த ஊட்டக் கட்டிச்சு."

மாடியிலிருந்து குரல் வந்தது.

"யாருய்யா பாவம்? கீழ வாடக வருது, மேல நான் கீறேன். இதுல இன்னா பாவம் கீது?"

பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அதன் பின்னால் கம்பியில் ஏறிய புடலங்கொடி ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டுத் தன்னைப் பாவி என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. அடுத்தவர் தன்னைப் பாவம் என்று சொன்னால்தான் பொறுக்காது. கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்களாம். அதன்பிறகு ஒரு வருஷம் தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் அதுவே கேட்குமாம். "காது புளிச்சிப் போச்சு கண்ணு" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில், லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. காலையில் மின்சார ரயிலில் போவார், சாயங்காலம் திரும்புவார். ஆந்திராவிலிருந்து வரும் டிரைவர்களோடு தெலுங்கில் சண்டை போட்டுப் பழகிய தொண்டை. வீட்டில் மெதுவாகப் பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும்.

வீட்டின் மாடியில் பாதிதான் அவர் குடியிருந்த இரண்டு அறைகள். மீதிப் பாதி மொட்டைமாடி. அதுதான் தோட்டம், எங்கள் சமையலறைக்கு நேர் மேலே. பெயின்ட் டப்பாக்கள், உடைந்த வாளிகள், கிடங்கிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டிகள் என்று கால் வைக்க இடமிருக்காது. மாடியில் தண்ணீர் ஊற்றினால் எங்கள் அடுப்பு மேடைக்கு மேலே கூரையில் ஒரு ஈரத்திட்டு வரும். ஒருநாள் அது சாம்பாரில் சொட்டியது. நான் படியேறிப் போய்ச் சொன்னேன்.

"ஒழுவுதா?" என்று கேட்டார். "நார்வேல கூர மேல மூணு மாசம் ஐசு குந்திகினு கீது கண்ணு. அவங்க இன்னா பண்றாங்க? மேல ஏறி வாரிப் போடறாங்க. நீ ஒரு சொட்டுக்கு மாடி ஏறி வந்துகிற."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிவந்து பூசியும் கொடுத்தார். ஆனால் வாதத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த நார்வே அவர் வாயில் வந்ததற்குக் காரணம் நான்தான். வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்த் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு நான் அதில் சேர்ந்திருந்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு துளசி, அதுவும் காய்ந்துவிட்டது. ஒரு மாலை போனை அக்காவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் இரவுச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் திருப்பித் தரவில்லை. மறுநாள் அவரும் குழுவில் இருந்தார்.

குழுவை ஆரம்பித்தவர் கோயம்புத்தூர்க்காரர், மெல்போர்னில் இருந்தார். எல்லோருக்கும் அவர் மெல்போர்ன் சார். யாழ்ப்பாணத்திலிருந்து நார்வே போய் ஆஸ்லோவில் குடியிருந்த ஒரு அம்மாவும் இருந்தார். டொராண்டோக்காரர் ஒருவர் எதற்கெடுத்தாலும் குறை சொல்வார். துபாய் போன்ற ஊர்களிலிருந்து இன்னும் பலர் இருந்தாலும் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

என்ன பேசுவார்கள்? செடியைப் பற்றிக் கொஞ்சம், வானிலையைப் பற்றி நிறைய. நார்வே அம்மா கறிவேப்பிலை மரத்தைப் பெரிய தொட்டியில் வைத்து, குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள் கொண்டுவந்து சோபா பக்கத்தில் நிறுத்திவிடுவார்.

"ஒக்டோபர் வந்தா மண் கல்லாப் போயிடும். மண்வெட்டி இறங்காது. கோடையில நிலைமை வேற, இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் நிக்கும். செடிக்கு நித்திரையே இல்லை" என்பார்.

மெல்போர்ன் சாரின் வருத்தம் வேறு. "நமக்கு ஆடி மாசம்னா இங்க நடுங்குதுங்க. பொங்கலுக்குக் கரும்பு வாங்கி வெச்சா வெளிய நாப்பது டிகிரி அடிக்குது. எந்தப் பட்டத்துல எதப் போடறதுன்னே தெரியலீங்க."

டொராண்டோக்காரர் பனியைத் திட்டுவார், பனி உருகினால் அணிலைத் திட்டுவார். இப்படி ஒவ்வொருவரும் தன் ஊர் வானிலைதான் மோசம் என்று நிரூபிக்கப் போட்டி போட்டார்கள். அக்கா ஒருத்தர்தான் தன் ஊர் வானிலையே உலகத்தில் உசத்தி என்று வாதாட வந்தவர்.

அவர் சேர்ந்த முதல் மே மாதம் அது. பொன்னேரியில் எத்தனை டிகிரி என்று யாரோ கேட்டார்கள், அக்கா சொன்னார். டொராண்டோக்காரர் உடனே, "ஐயோ பாவம், எப்படித்தான் இருக்கீங்களோ" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா சார் பாவம்? எங்க வெயிலுக்கு இன்னா கொறச்ச? காத்தால வடகம் போட்டா சாயங்காலம் டப்பால போட்டு மூடலாம். துணி தொவச்சா கொடியில போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள காஞ்சிடும். உங்க ஊர்ல துணிய மிசின்ல காயவெக்கறீங்களாமே, கரண்டு பில்லு கட்றீங்களே, நான் உங்களப் பாத்து பாவம்னு சொன்னேனா?"

நார்வே அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்த இருவருக்கும் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. தனியாகவும் பேசிக்கொள்வார்கள். ஆஸ்லோவில் இன்று மைனஸ் எத்தனை என்பதை ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவுக்கு அக்கா சொல்லிக்கொண்டு போவார். அந்த அம்மாளும், "அப்டியா, கொழந்தைங்க எப்டி பள்ளிக்கோடம் போவும்?" என்று கவலைப்படுவாராம்.

பெருமையடிப்பதில் அக்காவுக்குக் கூச்சம் கிடையாது. ஒருமுறை நல்ல பருமனான பூசணிக்காய் ஒன்று காய்த்தது. அதை ரயிலில் மடியில் வைத்துக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய் லாரி மேடையில் எடை போட்டார். மேடை லாரியையும் லோடையும் மட்டுமே மதிக்கும், பூசணிக்காய்க்கு அது சைபர் காட்டியது. அக்கா விடவில்லை. நாஷ்டா தின்றுகொண்டிருந்த டிரைவர்கள், கிளீனர்கள் எல்லோரையும் மேடையில் ஏற்றினார். நடுவில் பூசணிக்காயை வைத்தார். கணினித் திரையில் வந்த எண்ணை மட்டும் படமெடுத்து, பூசணிக்காய் படத்தோடு சேர்த்து, "இன்னிக்கு எங்க மாடில பறிச்சது" என்று குழுவில் போட்டார். டொராண்டோக்காரர் என்ன உரம் என்று கேட்டார்.

*

அந்தக் குழுவில் வருஷத்துக்கு ஒரு போட்டியாவது நடக்கும். குறித்த நாளில் எல்லோரும் வீடியோவில் வந்து தன் தோட்டத்திலிருந்து பறித்துக் காட்ட வேண்டும். சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். எத்தனை வகை பறிக்கிறாரோ அதுதான் கணக்கு. ஜெயித்தவர்தான் அடுத்த போட்டிக்கு நடுவர், அது எந்த மாதம் என்பதையும் அவரே சொல்வார்.

போட்டி எப்போதும் ஆகஸ்டில்தான் நடந்தது. ஏனென்றால் குழுவில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் தோட்டம் நிறைந்திருப்பது அப்போதுதான். நார்வே அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் கத்தரி, மிளகாய் என்று வரிசை கட்டி வளர்த்துத் தொடர்ந்து ஜெயித்தார். அக்காவுக்கு அந்த மாதத்தில் கையில் ஒன்றுமே இருக்காது. கத்திரி வெயிலில் போனது போக, ஆடியில் போட்ட விதை அப்போதுதான் கொடி வீசும். கேமரா முன்னால் நாலு கறிவேப்பிலைக் கொத்தையும் ஒரு முருங்கைக்காயையும் காட்டிவிட்டு உர்ரென்று உட்கார்ந்திருப்பார்.

"அதென்னா உங்க கோடைதான் கோடையா?" என்று ஒருமுறை வெடித்தார். "மார்கழி, தைல வந்து பாருங்க எங்க தோட்டத்த. அப்ப வெக்கணும் போட்டிய."

"தையில எங்களுக்கு வாசல்ல ஆறடி பனிங்க" என்றார் டொராண்டோக்காரர்.

"ஆகஸ்ட்ல எங்களுக்கு எலும்பும் தோலுமாக் கீதே, அதுக்கு நீங்க இன்னா பண்ணீங்க?"

இந்தச் சண்டை ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடந்தது. கடைசியில் ஒரு வருஷம், மறுபடி ஜெயித்திருந்த நார்வே அம்மா சொன்னார். "சரி, இந்தமுறை தையில வைப்பம். நான் தோத்தாலும் பரவாயில்லை. இவவின்ர தோட்டத்த ஒருக்கா நிறைஞ்சு பாக்கவேணும் எண்டு எனக்கும் ஆசை."

அன்று அக்கா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். எதற்கென்று கேட்டவர்களிடம், "பொங்கலுக்கு உலகப் போட்டி, நம்ம ஊட்டு மாடில" என்றார்.

ஐப்பசி மழைக்கு விதை போட்டது எல்லாம் சீராக வந்தது. கார்த்திகையில் புடலை, பாகல், அவரை மூன்றும் பந்தலை மூடிவிட்டன. தக்காளி பூத்து நின்றது. எனக்கே மாடி ஏறினால் இறங்க மனம் வராது. அக்கா தினமும் விரல்விட்டு எண்ணுவார், இருபது வகைக்கு மேல் வரும் என்பார்.

கார்த்திகை நடுவில் புயல் வந்தது.

இரண்டு நாள் மழை விடாமல் கொட்டியது. ஆரணி ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. நாங்கள் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஏறினோம். கீழே எங்கள் கட்டில் மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் மேலே கேட்டது. மேலே காற்று ஊளையிட்டது. பந்தல் கம்பி வளைந்து, கொடிகளோடு சேர்ந்து சுவரைத் தாண்டி விழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தொட்டிகள் ஒன்றோடொன்று மோதி உருண்டன. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மகள் அழுதபோது அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அப்போதும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

மழை விட்டபின் மாடிக் கதவைத் திறந்தோம். சிமென்ட் தரை கழுவிவிட்டாற்போல இருந்தது. பிளந்த தொட்டிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன, மண் எல்லாம் கரைந்து போயிருந்தது. மூலையில் ஒரு கறிவேப்பிலையும், சுவரோரம் பிரண்டையும் மட்டும் மிஞ்சின. கீழே கேட்டருகே முருங்கை பாதி முறிந்து நின்றது. அக்கா தரையில் உட்கார்ந்து, உடைந்த தொட்டி ஒன்றின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்று பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். நல்லவேளையாக அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போனில் சிக்னல் வந்ததும் குழுவிலிருந்து விசாரிப்புகள் கொட்டின. யாரோ செய்தியில் வெள்ளத்தைப் பார்த்திருந்தார்கள். நார்வே அம்மா கரகரத்த குரலில் பேசி அனுப்பியிருந்தார்: "நீங்கள் பத்திரமா இருக்கிறியளோ? போட்டிய ஆவணிக்கே மாத்துவம். ஒண்டும் யோசியாதேங்கோ."

டொராண்டோக்காரர், "பாவம், அவங்களுக்கு இந்த வருஷம் விட்டுடலாம்" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்ததும் அக்கா எழுந்துகொண்டார். அவர் பேசி அனுப்பியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"நாங்க நல்லா கீறோம். எங்க மழ எப்டி கீதுன்னு உலகமே டிவில பாத்துச்சு, உங்க மழைய எவன் பாக்கறான்? போட்டி தைலதான். மாத்தனீங்கன்னா நான் கெட்ட பொம்பள ஆயிடுவேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா கண்ணு, பேசிட்டேன். இப்ப இன்னா பண்றது?"

பொங்கலுக்கு ஆறு வாரம்கூட முழுசாக இல்லை. தொட்டிக்குக்கூட மண் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் நாங்கள் கீழ்வீட்டைக் கழுவப் போனோம். கதவைத் தள்ளவே முடியவில்லை. கணுக்காலுக்கு மேல் சேறு இருந்தது. வயல்களை அரித்துக்கொண்டு வந்த ஆற்று வண்டல், கறுப்பாக, வெண்ணெய் மாதிரி. என் கணவர் முறத்தால் வாரி வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தார். படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது.

"தம்பி! கொட்டாத! கொட்டாத! அது என் மண்ணு!"

"அக்கா, சேறுக்கா இது."

"சேறா? எந்த வயலோட மேல்மண்ணோ இது. டப்பு குடுத்தாலும் கெடைக்காது. ஆறே வந்து ஊட்டுக்குள்ள எறக்கி வெச்சிட்டுப் போயிகிது."

எதிர்ச் சந்தில் வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். கம்பெனியில் தண்ணீர் புகுந்ததால் அவர்களுக்கும் வேலை இல்லை. அக்கா போய்க் கூப்பிட்டார். எட்டுப் பேர் வந்தார்கள். எங்கள் கூடத்திலிருந்தும் சமையலறையிலிருந்தும் வாரிய சேறு சிமென்ட் சாக்குகளில் மாடிக்கு ஏறியது. என் வீடு சுத்தமானது, அக்காவின் மாடி நிறைந்தது. அக்கா பெரிய பாத்திரத்தில் கிச்சடி செய்து எல்லோருக்கும் போட்டார். பிளந்த தொட்டிகளைக் கம்பியால் கட்டினோம். மீதிச் சேற்றைத் தரையிலேயே, நான்கு பக்கமும் செங்கல் வைத்துப் பாத்தியாகக் கட்டினோம்.

விதைக்குப் பக்கத்திலிருக்கும் ஆரணிச் சந்தைக்குப் போனார். சீக்கிரம் வருவது எது, அதை மட்டும் வாங்கினார்: கீரை வகைகள், முள்ளங்கி, வெண்டை, வெள்ளரி. கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் புதுப்புடவை கட்டிப் போனவர், திரும்பியதும் அதே புடவையோடு பாத்தியில் குனிந்து நின்றார். நட்சத்திர விளக்கைக்கூட வாசலில் கட்டாமல் மாடியில்தான் கட்டினார், செடிக்குத் துணையாக இருக்கட்டும் என்று.

பிறகு ஒரு காலையில் என்னை மேலே கூப்பிட்டார். பாத்தியில் அவர் போடாத இடங்களில் எல்லாம் ஏதேதோ முளைத்திருந்தது.

"களை வந்துட்ச்சு கண்ணு. பேஜாரு புட்ச்ச வேல. வா, புடுங்கலாம்."

நானும் உட்கார்ந்தேன். உர மூட்டையைத் தூக்க உதவிக்கு வந்திருந்த ஒடிசாக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "மதரங்கா! மதரங்கா சாக்!" என்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா கிள்ளி முகர்ந்து பார்த்தார். பொன்னாங்கண்ணி. அப்புறம் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். கரிசலாங்கண்ணி இருந்தது. மணத்தக்காளி இருந்தது. கைப்பிடிச் சுவரோரம் முடக்கத்தான் சுருள் விட்டிருந்தது. எந்த ஊர் வரப்பிலிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த விதைகள்.

"ஒண்ணுத்தயும் புடுங்காத" என்றார் அக்கா. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

*

போட்டி தை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில். மாடியில் எங்கள் வீட்டார், எட்டு ஒடிசாக்காரர்கள், அன்று பாவம் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இருந்தோம். என் கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். அக்கா தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார்.

திரையில் நான்கு வானிலை ஒரே நேரத்தில் தெரிந்தது. ஆஸ்லோவில் விடியவில்லை, ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கில் பனி பொழிந்தது. நார்வே அம்மா கம்பளிக்குள் உட்கார்ந்து, சோபா பக்கத்து மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக் காட்டி, "என்ர கணக்கு ஒண்டுதான்" என்று சிரித்தார். டொராண்டோக்காரருக்கு நடுராத்திரி, கையில் ஒன்றுமே இல்லை, பார்க்க மட்டும் வந்திருந்தார். மெல்போர்ன் சார் நல்ல வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு பறித்தார். தக்காளி, பீன்ஸ், கத்தரி, எலுமிச்சை என்று பதினான்கு வகை.

அக்கா முறை வந்தது. சிறுகீரை, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புளிச்சகீரை. முள்ளங்கியைப் பிடுங்கி உதறினார். வெண்டைக்காய் இரண்டே இரண்டுதான் இருந்தன, ஒன்றை உடைத்துக் காட்டினார். வெள்ளரிப் பிஞ்சு. கறிவேப்பிலை, பிரண்டை. கீழே ஓடிப் போய், முறிந்த முருங்கையில் விட்டிருந்த துளிரை ஒரு கொத்து கொண்டுவந்தார். பதினொன்று. பிறகு பாத்தியில் உட்கார்ந்து அந்த நான்கையும் கிள்ளினார்.

"இது பதினஞ்சு."

"அந்த நாலும் நீங்க விதைச்சதா?" என்று டொராண்டோக்காரர் கேட்டார்.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நான் போடல சார். எங்க மழ போட்டுச்சு."

"அப்ப அது களைதானே? களைய எப்படிக் கணக்குல சேர்க்கறது?"

நடுவர் நார்வே அம்மாதான். போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, "அந்த முதலாவதைக் கிட்டக் காட்டுங்கோ" என்றார். அக்கா காட்டினார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"பொன்னாங்காணி. எங்கட அம்மா இதில தேங்காய்ப்பூ போட்டு வறை வைக்கிறவ. நான் சாப்பிட்டு எத்தினை வருசம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிடுற சாமான் எண்டால் எண்ணத்தான் வேணும். ஆர் விதைச்சது எண்டு சட்டத்தில இல்லை. பதினைஞ்சு. பொன்னேரிதான் வெற்றி."

அதன்பிறகு ஐந்து நிமிஷம் யாருக்கும் யார் பேசியதும் கேட்கவில்லை. ஒடிசாக்காரர்கள் விசில் அடித்தார்கள். என் மகள் பாத்தியைச் சுற்றி ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மெல்போர்ன் சார் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "மனசார சொல்றனுங்க, உங்க மழைகிட்டதான் நான் தோத்தேன்" என்றார். அக்கா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் முகம் முழுக்கப் பல்தான் தெரிந்தது.

சத்தம் அடங்கியதும் டொராண்டோக்காரர் ஆரம்பித்தார். "சரி, ஜெயிச்சீங்க. ஆனா தை மாசம் உங்களுக்கு வசதியான மாசம். வருஷா வருஷம் இனிமே தையிலயே வெச்சு நீங்களே ஜெயிச்சுக்குவீங்க, அவ்வளவுதானே."

ஜெயித்தவர்தான் மாதத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். இத்தனை வருஷமாக இந்தத் தைக்காகத்தான் அவர் சண்டை போட்டார். வாயைத் திறந்து தை என்று சொன்னால் முடிந்தது.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"யாருக்கு சார் வசதி? தை வாணாம். அடுத்த போட்டி வர மே மாசம். எங்க கத்திரி வெயில்ல. போதுமா?"

நார்வே அம்மா, "ஐயோ, ஏனம்மா?" என்று கத்தினார். என் கணவர் போனைக் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டார். வணக்கம் சொல்லி எல்லோரும் போனார்கள். தெருக்காரர்களும் இறங்கிப் போனபிறகு நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? மே மாசம் மாடில கால் வெக்க முடியாதே. ரோஷத்துல இப்படியா சொல்றது?"

அக்கா சுற்றும்முற்றும் பார்த்தார். போன் அணைந்திருக்கிறதா என்று என் கணவரிடமிருந்து வாங்கிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ரோஷமா? இத்தினி வருசமா அவங்கவங்க பொலம்பறத நான் சும்மாவா கேட்டுகினு இருந்தேன்? மே மாசம் நார்வேல அப்பதான் ஐசு ஒடையும், நாத்து ஜன்னலாண்ட ரெண்டு எல வுட்டுகினு இருக்கும். கனடால மே கடைசி வரிக்கும் வெளிய ஒரு வித போடமாட்டாங்க, பனி அட்ச்சிடும்னு பயம். மெல்போர்ன்ல அப்பதான் குளுரு ஆரம்பம், சார் தக்காளிச் செடியெல்லாம் புடுங்கிப் போட்ருவாரு. துபாய்காரங்களுக்கு அல்லாம் கருகிப்பூடும். எவன்கிட்டயும் ஒண்ணும் இருக்காது கண்ணு. நம்மகிட்ட முருங்க கீது, கொத்தவர போட்டுக்கலாம், பெரண்ட கீது. வெயிலு எவ்ளோ அட்ச்சாலும் அது சாவாது."

சொல்லிவிட்டு, தலையில் இருந்த பூ நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

அந்த மே மாதம் நாங்கள் வேப்பம்பட்டுக்கு வீடு மாறிவிட்டிருந்தோம். சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அக்கா பட்டப்பகலில், குடைகூட இல்லாமல், கொதிக்கிற மாடியில் நின்று ஏழு வகை பறித்துக் காட்டினார். மற்றவர்களில் யாரும் அந்தக் கணக்கைத் தொடவில்லை.